ஆளுயர ஸ்பீக்கர்

"சவுண்ட்பார் போதும். டிவிக்குக் கீழ அடக்கமா உக்காந்துக்கும். என்ன சொல்ற?"

"சரிங்க" என்றாள் மனைவி.

ஸ்பீக்கர் கடையில் நின்று அப்படிக் கேட்ட டிக்கெட் பரிசோதகருக்கு மூக்கில் வியர்த்தது. இருபத்தாறு வருடமாக ரயிலில் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாத ஆளை அமுக்குகிறவர். தன் கண்ணில் மண்ணைத் தூவ ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய பெருமை. திரைச்சீலை நிறத்துக்கே ஒரு வாரம் மல்லுக்கு நின்றவள், எடுத்த எடுப்பில் 'சரிங்க' என்றால் என்ன அர்த்தம்?

கடைக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சவுண்ட்பார் வேணாம். அலமாரில வைக்கிற குட்டி ஸ்பீக்கர் இருக்கே, அதைக் காட்டுங்க."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"உன் பொம்மை எல்லாத்தையும் எடுக்கணும்."

"எடுத்துட்டாப் போச்சு. தூசு குறையும்."

இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து காதில் பூச்சுற்றுகிறார்கள். பரிசோதகர் ஒரு பொறி வைத்தார்.

"சீலிங்ல ஓட்டை போட்டுப் பதிக்கிறது? வீடெல்லாம் தூசு கொட்டும்."

"கொட்டினாப் பெருக்கிக்கலாம்."

கடைக்காரர் இருமினார். சைகை! சந்தேகமே இல்லை. மூலையில் கறுப்பாக, ஆளுயரத்துக்கு நின்ற இரண்டு டவர் ஸ்பீக்கர்களைப் பரிசோதகர் சட்டென்று காட்டினார்.

"அது?"

அவள் முகம் மாறியது. "ஐயையோ, அது மட்டும் வேணாங்க! ஹால்ல நடக்கவே இடம் இருக்காது."

"ஆமா சார், அது உங்களுக்குச் சரிப்படாது" என்று கடைக்காரரும் ஒத்து ஊதினார்.

அகப்பட்டார்களா! எதையோ மறைக்கிற முகம் அவருக்குத் தெரியாதா?

"அதையே அனுப்புங்க. கூட அந்தப் பெரிய ஊஃபரும்!"

வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் ஸ்பீக்கர்கள் உள்ளே வர, அவருடைய நாற்காலி பால்கனிக்குப் போனது. ஜெயித்தவனுக்கு எங்கே உட்கார்ந்தால் என்ன? அங்கிருந்தே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயரைச் செருகி முடித்த மெக்கானிக், ரசீதை அவர் மனைவியிடம் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. போன வாரம் நீங்க எடுத்து வைக்கச் சொன்ன அதே செட்டுதான். சார் தானாவே வந்து இதைத்தான் கேப்பாருன்னு நீங்க சொன்னப்ப, எங்க முதலாளி நம்பவே இல்ல!"