பாம்புக்குக் குளிர் எடுத்த கதை

படிக்காதவன் ஒரு முட்டாள்தனம் செய்தால் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வான். படித்தவன் அதற்கு ஆதாரம் காட்டித் தொடர்ந்து செய்வான். இதை நான் யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. பினாங்கு வெயிலில் ஒரு மலைப்பாம்புக்குக் குளிர்கிறது என்று முடிவு கட்டி, அதற்குக் கணப்பு மூட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அது யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாகச் (எங்கள் ஊரில் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வோம்) சேர்ந்து, மிடுக்காக நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். கம்பெனியும் கூடவே போய்விட்டது. பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் அக்கா புருஷன் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். கீழே கடை, மேலே வீடு. சாப்பிடுவதைத் தவிர எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. சாப்பாடும் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்குதான்.

பங்கீட்டு அரிசியைத் தெருவுக்கு அளந்து கொடுக்கும் பொறுப்பு அத்தானுடையது. மூட்டையில் அரிசி குறைந்தால் ஜப்பான்காரனுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் பதிலைக் காதால் கேட்கிறவன் இல்லை, கையால் கேட்கிறவன். இதெல்லாம் எலிகளுக்குத் தெரியுமா என்ன? அவை பாட்டுக்குத் தின்றன. (பூனை வளர்த்திருக்கலாமே என்பீர்கள். அந்தப் பஞ்சத்தில் தெருப் பூனைகள் எங்கே போயின என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.)

கெலுகோர் பக்கம் ஒரு சீனர் எலிக்காகவே தன் கிடங்கில் பாம்பு வைத்திருந்தார். அத்தான் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இளம் மலைப்பாம்பைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா முதலில் அலறினாள். பிறகு வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று கேட்டாள். பாம்பு இருட்டிய பிறகு மூட்டைகளுக்கு நடுவே போய் எலி பிடிக்கும், பகல் முழுக்கக் கம்பிவலை போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் சுருண்டு தூங்கும்.

“வேலை நேரத்துல தூங்குது, சாப்பாடு மட்டும் கரெக்டா. இதுக்குக் கிராணின்னே பேர் வைப்போம்லா” என்றார் அத்தான், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஒரு கிராணியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கிராணி வேண்டும் என்று அந்த உத்தியோகத்தை எனக்கே கொடுத்தார். நானும் பொறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். திடீரென்று பாம்பு எலி பிடிப்பதை நிறுத்தியது. தோல் மங்கிப்போனது, கண்ணில் பால் ஊற்றியது போல ஒரு படலம். அரிசி மறுபடி குறைய ஆரம்பித்தது. அத்தான் ஒவ்வொரு படியையும் விரலால் வழித்துவிட்டு அளந்தார்.

“சட்டை உரிக்கப் போகுதுடா. சும்மா விடு” என்றாள் அக்கா.

அக்கா மூன்றாம் வகுப்பு. நான் சீனியர் கேம்பிரிட்ஜ். என்னிடம் புத்தகம் இருந்தது. பழைய ஆபீசில் துரை விட்டுப்போன பிராணி வளர்ப்புப் புத்தகம். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது, எனவே பெட்டிக்குள் எண்பத்தைந்து டிகிரி பாரன்ஹீட்டாவது வெப்பமும், பகலில் நல்ல வெளிச்சமும் கொடுக்காவிட்டால் அது தின்னாது என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவன் இங்கிலாந்தில், பனியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதியிருப்பான் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளைக்காரன்தான் ஓடினான், அவன் எழுத்தின்மேல் எனக்கிருந்த பக்தி ஓடவில்லை.

முதலில் வெப்பத்தை அளக்க வேண்டும். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் கருவி. அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். பாதரசம் அசையவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டிகிரிகூட இல்லையே, பாம்பு விறைத்துச் சாகப்போகிறதே என்று பதறினேன். (காய்ச்சல் கருவியில் கணக்கே தொண்ணூற்றைந்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அதில் பொறித்திருந்த எண்களை நான் படித்திருக்கலாம். படித்தவன் அல்லவா, படிக்கவில்லை.)

மாடியின் பின்கட்டில் பெட்டியை வைத்து, அடியில் மணல் தட்டு, அதற்கும் அடியில் அக்காவின் கரியடுப்பு. பாதரசம் ஏறும்வரை கரி போட்டேன். எனக்கு வியர்வை ஊற்றியது. பாம்பு கம்பிவலையில் மூக்கை வைத்து முட்டியது. நன்றி சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது வெளிச்சம். பின்கட்டு எப்போதும் இருட்டு. அக்காவின் கல்யாணக் கண்ணாடியைக் கழற்றி, வெளியே ஓட்டு விளிம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வெயிலைத் திருப்பிப் பெட்டிமேல் விழவைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ஏற்பாடு பிரமாதமாகத்தான் இருந்தது. அதில் ஒரே குறை, காற்று. காற்றடித்தால் கண்ணாடி ஆடும். ஆடினால் அந்த வெளிச்சத் துண்டு எங்கள் வீட்டைவிட்டு வெளியே போகும். பின்பக்கத்து மாடியில் ஜப்பான் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். அதற்கு அப்பால் கடல். அந்த நாட்களில் கடலுக்கு மேலே நேச நாட்டு விமானங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

நான் கண்ணாடியைக் கட்டிவிட்டு ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போயிருந்தேன். (கட்டாயம். ‘என் பேனா மேசைமேல் இருக்கிறது’ வரைக்கும் வந்திருந்தோம்.) திரும்பி வந்தால் கடைக்குள் ஒரு சார்ஜென்டும் சிப்பாய்களும். அத்தான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

கூட வந்திருந்த மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான். யாருக்குக் கண்ணாடியில் சைகை காட்டுகிறாய், விமானத்துக்கா, கப்பலுக்கா? வீட்டுக்காரர் அத்தான் என்பதால் குற்றமும் அவருடையதாம். அவரை அழைத்துப்போகப் போகிறார்களாம். அப்படி அழைத்துப்போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

“அவருக்கு ஒண்ணும் தெரியாது, துவான். கண்ணாடி பாம்புக்கு” என்றேன் மலாயிலேயே. (துவான் என்றால் ஐயா.)

அவன் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. தனக்குப் புரிந்தது சரிதானா என்று என்னையே பார்த்தான். பிறகு சார்ஜென்டிடம் சொன்னான். சார்ஜென்ட் மாடியைக் காட்டினான்.

“ஊலார் மானா?” பாம்பு எங்கே என்று கேட்டான் மொழிபெயர்ப்பாளன்.

எல்லோரையும் பெருமையாக மாடிக்கு அழைத்துப்போனேன். அடுப்பு தகதகவென்று இருந்தது. பெட்டியில் பாம்பு இல்லை. கம்பிவலை ஓரமாகப் பிய்ந்து கிடந்தது.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, “கடைச் சாவி ஆணியில இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் வாழ்க்கையில் அந்த அளவு பயந்ததே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன், அந்தப் பயம் வரவில்லை.

சிப்பாய்கள் ரேடியோ தேடி வீட்டைக் கவிழ்த்தார்கள். கரியடுப்புப் புகையில் ஒருவனுக்குக் கண் எரிந்தது. முகம் கழுவக் குளியலறைக்குப் போய்த் தொட்டியில் கை விட்டான். அடுத்து கேட்ட சத்தம் எந்த மொழியும் இல்லை.

தொட்டியின் அடியில், குளுகுளுவென்ற தண்ணீரில், கிராணி கிடந்தது. உரித்த சட்டை மேலே மிதந்தது. பளபளவென்று புதுத்தோல், தெளிந்த கண். தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி எங்களைப் பார்த்தது. எனக்கு அதைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அக்கா கும்பிட்டே விட்டாள்.

சார்ஜென்ட் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பாம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். பயமே இல்லை. அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளன் சொன்னான். இவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. இவர்கள் ஊரில் நெல் வைக்கிற இடத்தில் பாம்பு தானாக வந்து எலி பிடிக்குமாம், யாரும் விரட்ட மாட்டார்களாம். அங்கே பனிகூடப் பெய்யுமாம். ஆனாலும் யாரும் அதற்கு அடுப்பு மூட்டுவதில்லையாம்.

“உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?” என்று மொழிபெயர்ப்பாளன் வழியாகக் கேட்டான் சார்ஜென்ட்.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் புத்தகம் என்ற அந்த வார்த்தை வெளியே வந்திருந்தால் அத்தானோடு நானும் போயிருப்பேன். அதற்குள் அக்கா முன்னால் வந்தாள். சந்தையில் பழகிய பாசார் மலாயில், தலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்.

“இவன் சின்னதுலேர்ந்தே கிலா, துவான்.”

கிலா என்றால் பைத்தியம். சார்ஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடுப்பை, கண்ணாடியை, வியர்த்துக் கொட்டும் என் முகத்தைப் பார்த்தான். அக்கா சொன்னதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அத்தானை விட்டுவிடச் சொல்லிக் கை காட்டிவிட்டு, என்னைப் பற்றி ஏதோ சொன்னான். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

“பாம்புக்குக் குளிரவில்லை, இவனுக்குத்தான் குளிர்கிறது. வெயிலில் நிறுத்து” என்பது உத்தரவு.

அன்று மத்தியானம் முழுக்க, அக்காவின் கண்ணாடியை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சந்து நடுவில் நின்றேன். தெரிந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கென்று அந்த வழியாகத்தான் போனார்கள். வகுப்பு வாத்தியார்கூடப் போனார். கடைக்குள் அத்தான் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் சிரிப்பு. கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காவலுக்கு நின்ற சிப்பாய்க்குப் பயந்து அடக்கிக்கொண்டேன்.

கிராணி அன்றைக்கே எலி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நான்தான் தோல் உரிந்து கிடந்தேன். அக்கா எனக்குத் தேங்காயெண்ணெய் தடவியபடி, கரி செலவானதற்காகத் திட்டினாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் குளிர்கிறது என்று சொல்ல முடியாது. சொன்னால், “வெயில்ல நிறுத்துங்க” என்று நாலு பக்கத்திலிருந்தும் உத்தரவு வரும். ஏர்கண்டிஷனரைக் குறைக்கச் சொன்னால் பேத்திகூட அதைத்தான் சொல்கிறாள். அவளுக்கு ஜப்பான்காரனும் தெரியாது, அத்தானையும் தெரியாது.

அத்தான் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் கால் சில்லிட்டுப் போயிருந்தது. நர்ஸ் கம்பளி எடுத்துவரப் போனாள். அவருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லி விரலை ஆட்டினார். குனிந்தேன்.

“தம்பி, கம்பளி வேணாம்லா. என்னைய வெயில்ல நிறுத்தச் சொல்லு.”

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை, நான் என்ன செய்தேன் என்றே எனக்கு அப்போது தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமாக அந்தக் கட்டிலை ஜன்னலோரம் தள்ளினோம்.