அரை ஏக்கர் வடதுருவம்

வடதுருவத்தைக் காட்டெருமைகள் நக்கித் தீர்த்துவிட்டன என்று சித்தன் வந்து சொன்னபோது, காபியை வாயில் வைக்கப் போன ஏசுராஜ் அப்படியே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசாவா சித்தா?"

"மேக்கால பாதி சுத்தமாப் போச்சுங்க மேஸ்திரி. ஏழு உருப்படி வந்து போயிருக்குதுங்க. நம்ம சிமெண்டுக் கரடியோட காலைக்கூட உடலீங்க. அதுலயும் உப்பு ஒட்டியிருந்துதில்லீங்களா."

சித்தன் கரடியூர்க்காரன். காட்டு ஜீவன்களைப் பற்றி அவன் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஏசுராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். இது மூன்றாவது பனி.

முதல் பனி பஞ்சு. ஏற்காட்டு மூடுபனியில் இரண்டே நாளில் நனைந்து தரையோடு ஒட்டி, மிதிபட்ட பழைய மெத்தைபோல் ஆகிவிட்டது. இரண்டாவது பனி தெர்மகோல் உருண்டை. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் பாதியை ஏரியிலும் மீதியை ஒரு டீக்கடைப் பால் சட்டியிலும் கொட்டியது. டீக்கடைக்காரர் வந்து கத்திவிட்டுப் போன பிறகுதான் உப்பு. உப்பு பறக்காது என்பதெல்லாம் சரி. மலையில் உப்புக்கு ஏங்கும் வாயில்லா ஜீவன்கள் இருக்கின்றன என்பது சித்தனைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை. சித்தனை யாரும் கேட்கவும் இல்லை.

ஏசுராஜ் தொழிலுக்குக் கொத்தனார். ஆனால் இருபத்தைந்து கிறிஸ்துமஸ்களாக ஏற்காட்டு மாதா கோயிலில் ஏசு பிறந்த குடிலைக் கட்டுகிறவர் அவர்தான். சேலத்து ஜவுளிக்கடைக்காரர் பாலசுப்பிரமணியம் கரடியூர் ரோட்டில் பொழுதுபோக்குப் பூங்கா கட்ட ஆரம்பித்த வருஷம், அந்தக் குடிலைப் பார்த்து மலைத்துப் போனார். "பெத்தலகேமுக்கே இத்தன பனி கொட்டறவரு, வடதுருவத்துக்கு எத்தன கொட்டுவாரு!" என்று சொல்லி, 'வடதுருவ உலகம்' என்று பெயர் வைத்த அரை ஏக்கரை அவர் கையில் ஒப்படைத்துவிட்டார். திறப்பு விழா குடியரசு தினத்தன்று. இப்போது இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

இந்த வேலையை ஏசுராஜ் ஏற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம் அவருடைய மகள் செல்வமேரி.

செல்வமேரி நர்சிங் படித்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏஜென்ட் மூலமாக நார்வேயில் வேலை கிடைத்து, உலகப் படத்தின் உச்சந்தலையில் இருக்கும் ஏதோ ஓர் ஊருக்குப் புருஷனோடு புறப்பட்டுப் போனாள். அன்றைக்குச் சாமியார் பூசையிலேயே அவள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். பஜாரே திரண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டது. போனவளிடமிருந்து மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. ஏசுராஜும் அவர் மனைவி அற்புதமும் அந்த மூன்று மாதம் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பஜார் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. "சேந்துட்டேன்ப்பா, நல்லாருக்கறேன்" என்றாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாது. அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்று அவள் எழுதுவதே இல்லை.

ஏசுராஜுக்கு ஒரு குறை இருந்தது. கண்ணை மூடினால் மகளின் முகம் வரும். முகத்துக்குப் பின்னால் ஒன்றும் வராது. எந்தத் தெருவில் நடக்கிறாள், எந்த வாசலில் நிற்கிறாள் என்று தெரியாமல் ஆறு வருஷம் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பது பெரிய துன்பம். இப்போது அவள் ஐந்து வயதுப் பெண் அமுதாவோடு முதல் முறையாக லீவில் வருகிறாள், திறப்பு விழாவுக்கு முந்தின நாள். அவள் இருக்கும் ஊரை இந்த அரை ஏக்கரில் கட்டி அவள் முன்னால் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்து அவள், "ஆமாப்பா, இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உப்பை வாரிவிட்டு, சேலத்து வெள்ளைக்கல்லை மாவாக அரைத்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார். வெள்ளைக்கல்லை எந்த மாடும் நக்காது. நடுவில் ஒரு குளம் வெட்டி, நீலச் சாயம் கலந்து, தெர்மகோலில் செய்த பனிக்கட்டிப் பாறைகளை மிதக்கவிட்டார். கரையில் சிமெண்டுக் கரடி நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை போனில் இதைப் பெருமையாகச் சொன்னார்.

"தண்ணியாப்பா?" என்றாள் செல்வமேரி. அவள் குரல் எங்கோ ஒரு மெஷின் ஓடும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து வந்தது.

"ஏங்கண்ணு, தண்ணி இருக்காதா?"

"இங்க தண்ணிய நான் கண்ணால பாக்கறதே இல்லப்பா. கண்ணுக்கெட்டுன தூரம் வெறும்..." கொஞ்சம் நிறுத்தினாள். "பனிதான். மேடு மேடாக் கெடக்கும். காத்தடிச்சா மேடே எடம் மாறிப் போயிரும். காத்தால கதவத் தெறந்தா வாசல் பூரா குமிஞ்சு கெடக்கும். கூட்டிக் கூட்டிக் கையே ஓஞ்சு போயிருதுப்பா."

ஏசுராஜ் பூத்திலிருந்து நேராகப் பூங்காவுக்குப் போய்க் குளத்தை மூடச் சொன்னார்.

"மேஸ்திரி, இது மீன் திங்கற கரடின்னு நீங்கதானுங்க சொன்னீங்க. தண்ணியில்லாம மீனுக்கு எங்கீங்க போகும்?" என்றான் சித்தன்.

"எம்பொண்ணு அங்கயே இருக்கறா. உனக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா?"

சித்தன் மண்வெட்டியை எடுத்தான்.

குளத்தை மூடின மறுநாள், முதலாளி மேட்டூரில் சொல்லி வைத்திருந்த இரண்டு படகுகள் வந்து இறங்கின. விளம்பர நோட்டீசில் படகு சவாரி என்று அச்சடித்தாகிவிட்டது. படகுகளை ஒரு மேட்டின் மேல் சாய்த்து வைத்தார்கள். ஈரம் போனதும் வெள்ளைக்கல் மாவு கிளம்பிப் பறந்து, பக்கத்து எஸ்டேட் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையின் மேல் படிந்தது. எஸ்டேட் ரைட்டர் ஓடி வந்து, "ஏனுங்க, நாங்க காப்பி காயப் போட்டமா, கோலமாவு காயப் போட்டமா?" என்று கேட்டார். காற்றை மறிக்கத் தகரம் அடித்தார்கள். அதன் பிறகு வடதுருவம் நாள் முழுக்கத் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அங்கே ஆட்கள் எப்படி உடுத்துவார்கள் என்று கேட்டார். கம்பளி ரோமத்தில் குட்டைக் கோட்டு போட்டு ஆறு பொம்மைகள் தயாராக இருந்தன.

"இல்லப்பா. வெள்ளையா, கால் வரைக்கும் நீளமா உடுத்துவாங்க. தலையவும் மூடிக்குவாங்க."

"அப்படியா! மிருகம்?"

"அதுங்க தூரத்துல வரிசையாப் போகும்ப்பா. நீளக்கால். பாத்தாலே பாவமா இருக்கும். எங்க போகுதுன்னே தெரியாது. நானும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

கலைமான்தான் என்று ஏசுராஜ் முடிவு கட்டினார். புதிதாக மான் செய்ய நாள் இல்லை. குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ராஜாக்களின் ஒட்டகங்கள் கோயில் ஸ்டோர் ரூமில் சும்மா நின்றன. சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்து, திமிலைத் துணி சுற்றி மறைத்து, காப்பிச் செடிக் கிளைகளைக் கொம்பாகக் கட்டினார். குடிலில் நின்ற மேய்ப்பர் சிலைகளின் நீள அங்கிகளை வெளுத்துப் பொம்மைகளுக்கு மாட்டினார்.

முதலாளி பாலசுப்பிரமணியம் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க ஏசுராஜ், கோவிச்சுக்காதீங்க. இத்தன வருஷம் குடில் கட்டுன கை. வடதுருவம் கட்டச் சொன்னா அது பாட்டுக்கு மறுபடியும் பெத்தலகேமைக் கட்டியிருக்குதுங்க. இதென்னுங்க, ஒட்டகத்துக்குக் கொம்பு?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏசுராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மொதலாளி, இதுல ஒண்ணுகூட என் கை வேலை இல்லீங்க. அத்தனையும் எம்பொண்ணு சொன்னது. ஆறு வருஷமா அங்கயே இருக்கறவளுங்க."

முதலாளி யோசித்தார். வியாபாரிக்கு யோசனை வந்தால் சும்மா போகாது.

"அப்படீன்னா ஒண்ணு பண்ணலாமுங்க. பொண்ணே வந்து ரிப்பன் வெட்டட்டும். அத்தன பேரு முன்னாடி இது சரின்னு அவங்க சொல்லிட்டா, அதுக்கு மேல எவன் கேள்வி கேக்கறது? இல்லைன்னா மெட்ராஸ்ல இருந்து வேற ஆளக் கூப்ட்டு எல்லாத்தையும் பிரிச்சுர வேண்டியதுதானுங்க. எனக்கும் வேற வழியில்லீங்க."

இரண்டே நாளில் பஜாரில் பேனர் ஏறிவிட்டது: 'வடதுருவத்திலிருந்து நேரில் வருகை தந்து திறந்து வைப்பவர்: செவிலியர் செல்வமேரி.'

மூன்றாவது வெள்ளிக்கிழமை போனில் ஏசுராஜ் பேனரை ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொன்னார். செல்வமேரியின் குரல் மெஷின் இரைச்சலோடு அவசரமாக வந்தது.

"எதுக்குப்பா இதெல்லாம்? நான் நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போயிர்றனே. யாருக்கும் சொல்ல வேண்டாம்ப்பா."

"கூச்சப்படாத கண்ணு. பஜாரே உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குது."

செல்வமேரி வந்து இறங்கியபோது அற்புதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். பேத்தி அமுதா இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டும் பல் கிடுகிடுக்க நடுங்கினாள்.

"ஏஞ்சாமி, அந்தக் குளுருல பொறந்த புள்ளைக்கு இந்தக் குளுரு தாங்கலையா?" என்று அற்புதம் கம்பளியைச் சுற்றினாள்.

"அங்க ஊட்டுக்குள்ளயே இருப்பம்மா" என்றாள் செல்வமேரி. கொண்டு வந்த பேரீச்சம்பழப் பெட்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நார்வேயில் பேரீச்சம்பழம்கூட நன்றாக விளைகிறது என்று ஏசுராஜ் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் நாலு நாலாகக் கொடுத்தார்.

மறுநாள் பூங்காவில் நல்ல கூட்டம். தலைச்சோலையிலிருந்தெல்லாம் ஜீப்பில் வந்திருந்தார்கள். செல்வமேரிக்கு மாலை போட்டார்கள். அவள் ரிப்பனை வெட்டினாள். ஏசுராஜ் அவள் முகத்தையே பார்த்தார். பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், வேலை போவது கிடக்கட்டும், இந்த ஆறு வருஷத்தில் மகளை ஒரு நாள்கூடச் சரியாக நினைத்துப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

அவள் உள்ளே போய் நின்றாள். கண்ணுக்கு எட்டியவரை, அதாவது தகரம் வரை, மேடு மேடாக வெள்ளை. சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மரம் இல்லை. தலையை மூடி, கால்வரை தொங்கும் வெள்ளை உடுப்பில் ஆறு பேர். ஒரு மேட்டின் ஓரமாக நீளக்கால் மிருகங்கள் வரிசையாக எங்கோ போய்க்கொண்டிருந்தன. ஒரு மூலையில் குட்டியாக ஒரு வீட்டுச் சுவர், அதில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை ஏசுராஜ் யாரும் சொல்லாமலே வைத்திருந்தார்.

செல்வமேரி அந்த ஜன்னலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன கண்ணு? தப்பா இருக்குதா? சொல்லு, அப்பா மாத்திர்றேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு அரித்துக் காய்த்துப் போன கை.

"இல்லப்பா. அப்படியே இருக்குது. சத்தியமா நான் இருக்கற எடம் அப்படியே இருக்குதுப்பா."

முதலாளி கை தட்டினார். கூட்டமே தட்டியது. "பாத்தீங்களா, அங்கயே இருக்கறவங்க சொல்லிட்டாங்க!" என்று முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கொம்பு வைத்த ஒட்டகத்தைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்களெல்லாம் இப்போது பயபக்தியோடு தள்ளி நின்று பார்த்தார்கள். சித்தன்கூடத் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஏசுராஜ் வெட்கப்படாமல் அழுதார். இனி கண்ணை மூடினால் மகளின் முகத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கும்.

அமுதா மட்டும் யாரையும் கவனிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் பயந்து ஒதுங்கிய அந்த மிருகத்தின் கழுத்தைத் தாவிப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். பிறகு மேட்டடியில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தாள். கை தட்டல் ஓய்ந்த நேரத்தில் அவள் குரல் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, நம்ம ஊட்டு வாசல் மணலுக்கெல்லாம் தாத்தா எதுக்கும்மா வெள்ளையடிச்சு வெச்சிருக்காரு?"