சட்டைப்பையில் சக்கரம்

கனவு காண்கிறவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த என் ஏர்கோன் (ஏசி) கடையைக் கைமாற்றிவிட்டு ஒரு புது பாய்மரப் படகு வாங்கினேன். இருபத்தெட்டு அடி, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், சமைக்கலாம். (எனக்கு நீச்சல் சுமார்தான். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுப் பட்டறையில் வைத்து, மூன்று மாதம் சனி ஞாயிறெல்லாம் அதைக் கடலுக்குத் தயார்படுத்தினேன். பாய்மரத்தை நிறுத்திக் கம்பி இழுத்துக் கட்டினேன், பேட்டரிக்கு ஒயர் ஓட்டினேன், அடிப்பக்கத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடித்தேன். அதாவது, அரை மணி நேரம் பெயின்ட் அடிப்பேன், ஒரு மணி நேரம் பிரஷ்ஷைப் பிடித்தபடி லங்காவித் தீவுக்குப் போய்க்கொண்டிருப்பேன். அந்தக் கடலில் எப்போதும் மாலை வெயில். அலை சத்தமே போடாது. பக்கத்தில் என் மனைவி தேவி கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடிப்பாள்.

நிஜ தேவி இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. “படகு எறக்குற அன்னிக்கு ஒரு தடவ ஏறிப் பாக்குறேன். மனசுக்குப் பட்டா லங்காவிக்கு உங்ககூட வரேன். இல்லன்னா நீங்க தனியா போங்க, நான் பஸ்ஸுல, ஃபெர்ரியில வரேன்லா” என்று சொல்லிவிட்டாள். அவள் இல்லாத லங்காவி எனக்கு எதற்கு? அந்த ஒரு நாள் பிசகக் கூடாது, அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அன்றைக்கு சனிக்கிழமை. கடல் ஏறி நிற்கும்போதுதான் கிரேன் படகை இறக்கும், அது எட்டரைக்கு. ஒன்பது மணிக்கு ராகு காலம். நடுவில் இருக்கிற அரை மணிக்குள் படகு தண்ணீரைத் தொட்டாக வேண்டும்.

பூஜைக்குக் கோயிலிலிருந்து ஐயர் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். காருக்கும் லோரிக்கும் பூஜை போட்டுப் பழகிய கை. தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்தார். நசுக்குவதற்குச் சக்கரம் எங்கே என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் அவரே கீழே வைத்து மிதித்து முடித்திருப்பார். நான் முந்திக்கொண்டு, “இருக்கு சாமி” என்றேன்.

இருந்தது. படகு எத்தனை வேகத்தில் போகிறது என்று காட்ட, அடிவயிற்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. தண்ணீர் அதைச் சுழற்றும். படகுக்குள்ளிருந்தே அதை உருவி எடுக்கலாம். எடுத்தால் அந்த ஓட்டைக்கு மூடி போட வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருந்தது. நான் ஓடிப்போய் உருவிக்கொண்டு வந்தேன். அதைத் தாம்பாளத்தில் வைத்து, தாராளமாகச் சந்தனம் குங்குமம் பூசி, எலுமிச்சம்பழத்தை அதன் அடியில் வைத்து அமுக்கினேன். ஐயருக்குப் பரம திருப்தி. எனக்கு அதைவிட.

மணி எட்டே முக்கால். பட்டறைக்காரர் ஆ சோங் அங்கிள் கிரேன் மேலிருந்து, எல்லா ஓட்டையும் மூடியாச்சா என்று மலாயில் கேட்டார். “சூடா, பாஸ்”, ஆச்சு முதலாளி என்றேன். படகு தண்ணீரில் இறங்கியதும் தேவியைக் கைபிடித்து ஏற்றினேன். படகைத் தாங்கியிருந்த கிரேன் பட்டையைக் கழற்றுமுன் உள்ளே போய்ப் பார் என்றார் அங்கிள். நான் எங்கே பார்த்தேன்? சுக்கானைப் பிடித்தாகிவிட்டது, மாலை வெயில் வந்தாகிவிட்டது. பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பட்டை கழன்றது.

புதுவீட்டுக்குச் செய்கிற மாதிரி பால் காய்ச்ச தேவி உள்ளே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. “ஏங்க, கீழ தண்ணி வருதே. இது இப்படித்தான் இருக்குமா?”

“படகுன்னா கொஞ்சம் தண்ணி இருக்கும்மா” என்றேன் கனவுக்குள்ளிருந்து.

“எறங்கி வந்து பாருங்க. என் இடுப்பு உயரத்துக்கு அடிக்குது.”

இறங்கினேன். என் புத்தம்புதுப் படகின் நடுவில் ஒரு நீரூற்று. மூடி எங்கே? சக்கரம் எங்கே? மெத்தையைப் புரட்டினேன், அலமாரியைக் கவிழ்த்தேன், மீன் டின்னுக்குள்கூடப் பார்த்தேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. தேவி என்னைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வலது குதிகாலை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். ஊற்று நின்றது.

நான் மேலே ஓடி அலறியதில் ஆ சோங் அங்கிள் குதித்து வந்தார். வந்தவர் ஓட்டையைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்த்து வெளுத்துப்போனார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார். அடுப்புப் பக்கத்திலிருந்து தேவிதான் நிதானமாகச் சொன்னாள்: “அது குங்குமம், அங்கிள். சக்கரம் அவரு பாக்கெட்டுலதான் இருக்கு.”

சக்கரத்தைச் சொருகினோம். பம்ப் போட்டுத் தண்ணீரை இறைத்தோம். அந்தக் களேபரத்திலும் பால் மட்டும் நல்லபடியாகப் பொங்கி வழிந்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், படகை விற்றுவிடுகிறேன் என்றேன். உண்மையில் அழுகை வந்துவிட்டது.

அவள் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “விக்க வேணாம். ஆனா உங்கள எப்படித் தனியா அனுப்புறது? ஓட்டையில கால் வைக்க ஆளு வேணும்ல.”

லங்காவிக்குப் போனோம். வழி நெடுக மழை, அலை ஓயாமல் சத்தம் போட்டது. இப்போது அவள்தான் கேப்டன், பாய்மரப் பயிற்சிக்கெல்லாம் போய்ப் பாஸ் செய்துவிட்டாள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வரவேற்பில் எல்லோருக்கும் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள், எனக்கு மட்டும் சட்டைப்பையில் வைப்பார்கள். மண்டபமே சிரிக்கும். தேவி மட்டும் வலது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். என் மச்சான்மார் வரிசையாக வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போவார்கள்.