பொன்னையாவின் சுளுக்கு

நாளை மத்தியானம் தன் வலது கை சுளுக்கிக்கொள்ளும் என்று பொன்னையா வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிவெடுத்துவிட்டான்.

முடிவெடுத்த இடம் பீலி. லயம் என்கிற வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் அந்தக் குழாயடியில், நட்டநடுவில் குந்திக்கொண்டு, பெண்சாதியின் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தான். ஐம்பது வயது மனுசன். மீசை வேறு.

அவனுடைய கஷ்டம் புரிய வேண்டுமென்றால் அவன் தூக்கத்தைப் பற்றித் தெரிய வேண்டும். பொன்னையா கவ்வாத்து ஆள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. காலையில் வெயில் ஏறுமுன் தொடங்கினால், கொடுத்த செடியை வெட்டி முடித்து ஒரு மணிக்கெல்லாம் வீடு வந்துவிடலாம். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுக்கு நாலரை வரை மலைதான். ஆகவே இருபது வருஷமாக ஒரு மணிக்குச் சாப்பிட்டு நாலு மணி வரை பொன்னையா தூங்கினான். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு சாதனைத் தூக்கம். கூரைத் தகரத்தில் குரங்குகள் கல்யாணம் நடத்திப் பந்தி போட்டாலும் எழும்பமாட்டான்.

அந்தத் தூக்கத்துக்கு உலை வைத்தது கலாராணியின் மணிக்கட்டு.

கலாராணி அவன் மனைவி. இருபது வருஷமாக நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய கை. மூன்று மாதமாக வலி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பதுளையில் மணிக்கட்டுக்குப் போடுகிற பட்டி விற்கிறார்கள், வாங்கிப் போடு என்றார்கள். வீட்டில் இரண்டு பேர் சம்பளமும் பொன்னையாவின் சட்டைப் பையில்தான் தங்கும். அதனால் அவனிடம் கேட்டாள்.

"எண்ணெய் தேச்சா போயிரும்" என்றான்.

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதே எண்ணெய். நாலாம் தரம் அவள் கேட்கவில்லை. தேங்காய் துருவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மறுநாள் ரொட்டிக்கு மாவு. அதற்கு மறுநாள் துணி. கை முடியலைங்க, நீங்க சும்மாதானே இருக்கீங்க என்றாள். சும்மாவா? ஒரு மனுசன் தூங்குவதற்குப் பெயர் சும்மாவா?

இப்படியாக அவன் பாவாடை பிழிந்துகொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமைதான், பக்கத்து வீட்டு சுபாஜினி குடத்தை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசினாள். நல்ல சத்தமாகப் பேசினாள். பெரகலையில் இருக்கிற அவளுடைய அண்ணனுக்குக் கை சுளுக்காம். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், புஹாரி நானாவின் பாமசி மருந்துக்கடையில் ஒரு பட்டி வாங்கி மாட்டினாராம். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணி அவரை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்க விடுவதில்லையாம். ரெண்டு மாதமாக ஊட்டிவிடுகிறாளாம்.

பொன்னையாவின் கையிலிருந்த பாவாடை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

சனிக்கிழமை கவ்வாத்து முடிந்ததும் பஸ் ஏறினான்.

புஹாரி நானா மெலிந்த மனுசர். மூக்குக் கண்ணாடி. எந்தக் கை, என்ன வேலை, எப்போது வலிக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பொன்னையாவுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. வலி இருந்தால்தானே. கடைசியில் சொல்லிவிட்டான்.

"பாக்குறவங்களுக்குப் பெரிய நோவு மாதிரி தெரியணும் நானா."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் எல்லாம் வெளியே தெரியாததைத்தான் கேட்பார்கள் என்றார். ஆனாலும் மூன்று பெட்டியை எடுத்து வைத்தார்.

முதலாவது காலுறை மாதிரி ஒன்று. உள்ளே இழுத்துவிட்டால் சட்டைக் கையே மறைத்துவிடும். பொன்னையா அதைத் தொடவே இல்லை. அடுத்தது பெருவிரலையும் சேர்த்துப் பிடித்து முழங்கை வரை போவது. லொறி ஏறி இறங்கிய கைக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு பிடித்துப்போனது. நானா தரமாட்டேன் என்றார். அது எலும்பு முறிந்தவர்களுக்காம். தினசரி வேலைக்கு அதைப் போட்டால் இருக்கிற பலமும் போய்விடுமாம்.

"இதை எடுங்க" என்று மூன்றாவதைப் பிரித்தார். மூன்று ஒட்டுப் பட்டி. எந்தக் கைக்கும் மாட்டலாம், இறுக்கலாம், தளர்த்தலாம். உள்ளங்கைப் பக்கம் ஒரு தகடு. வேண்டாத நேரம் உருவிக்கொள்ளலாம். காற்றுப் போகிற துணி, வேர்வையில் கடிக்காது. பட்டிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும், விரல் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம் என்றார். பொன்னையாவின் கையில் மாட்டிக் காட்டினார். பிறகு எல்லாப் பட்டியையும் கடைசி வரை இழுத்து ஒட்டி, எவ்வளவு சின்னக் கைக்கும் வரும் பாருங்க என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் காட்டினார். பொன்னையாவின் மணிக்கட்டு மண்வெட்டிப் பிடி மாதிரி இருக்கும். சின்னக் கை எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. நிறத்தைப் பற்றித்தான் யோசித்தான்.

"வெள்ளை இல்லையா? தூரத்துல இருந்து தெரியும்."

"கறுப்பை எடுங்க. கொழுந்துக் கறை தெரியாது."

கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு ஏது கொழுந்துக் கறை? அதையும் அவன் யோசிக்கவில்லை. கையில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறினான். ஒருத்தர் எழும்பி இடம் கொடுத்தார். திட்டம் பஸ்ஸிலேயே பலித்தது.

வீட்டில் கலாராணி பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தாள். பொன்னையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நானா சொன்னதையும் சொல்லாததையும் கலந்து அடித்துவிட்டான். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, மாவு பிசையக் கூடாது. துணி பிழியக் கூடாது. தேங்காய் துருவினால் நரம்பே அறுந்துவிடும். வேலைத்தலத்துக்குப் பட்டி, வீட்டுக்கு வந்தால் முழு ஓய்வு. இது வைத்தியம், தன் ஆசை இல்லை.

கலாராணி ஒரு சொல் விடாமல் கேட்டாள். துருவக் கூடாதா என்று திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். ஆறு கிழமைதானே என்று விரல் விட்டு எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை சோறு கையருகில் வந்தது. மத்தியானம் தூங்கினான். அப்படி ஒரு தூக்கம் தூங்கி இரண்டு மாதம். எழும்பியபோது தேத்தண்ணி தயாராக இருந்தது. சுபாஜினியின் அண்ணன் இருக்கிற திசைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

திங்கட்கிழமை காலை பட்டியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்குப் போனான். வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். வைரவநாதன் கங்காணி அவனைப் பார்த்ததும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

"பட்டி எங்க? மாட்டு. ஒன் சம்சாரம் நேத்தே வந்து அழுதுட்டுப் போயிருச்சு. ஒனக்குக் கவ்வாத்து இல்ல. லைட் வேலை. தேத்தண்ணி வாளியத் தூக்கு."

 தேத்தண்ணி வாளி என்றால் கொழுந்து மலை. கொழுந்து மலை என்றால் நாலரை மணி.

வலது கை சுளுக்கு என்பதால் இடது கையால் தூக்கினான். அரை மைல் ஏற்றம். நாற்பது பெண்கள் வரிசையாக நின்று, இங்க ஊத்துங்க அண்ணே, அங்க சிந்தாதீங்க அண்ணே என்றார்கள். கலாராணி கூடையைச் சாய்த்து வைத்துவிட்டு, எனக்குச் சீனி பத்தலை என்றாள். திரும்பக் கீழே. திரும்ப மேலே. ஒரு மணிக்குக் கவ்வாத்து ஆட்கள் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்குவதை மலையிலிருந்து பார்த்தான். தூங்கப் போகிறார்கள். பாவிகள்.

செவ்வாயும் இதுவே. புதன்கிழமை இடது தோள் நிஜமாகவே கழன்றுகொண்டு வந்தது. மத்தியானச் சுற்று முடிந்ததும் வாளியை வைத்துவிட்டுக் கங்காணியிடம் போனான். கை சரியாகிவிட்டது, நாளைக்குக் கவ்வாத்துக்கே போகிறேன் என்றான்.

கங்காணி நம்பவில்லை. ஆறு கிழமை என்றார்களே என்றார்.

கலாராணிதான் வழி சொன்னாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள். காலை மழையில் நனைந்து அது குட்டி மாடு கனம் இருந்தது. "இதப் பிழிஞ்சு காட்டுங்க. அப்ப நம்புவாரு."

பொன்னையா பட்டியைக் கழற்றிச் செடி மேல் வைத்தான். படங்கை முறுக்கினான். இரண்டு மாதப் பழக்கம் சும்மா போகுமா? ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தான். அதோடு விட்டிருக்கலாம். உதறி, மடித்துக் கொடுத்தான். நாற்பது பெண்களும் சிரித்த சிரிப்பு எல்ல ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். என்ன அழகா மடிக்கிறாரு என்றாள் சுபாஜினி.

"போதும். கை நல்லா இருக்கு" என்று கங்காணி எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பொன்னையா திரும்பினான். செடி மேல் பட்டி இல்லை. அது கலாராணியின் வலது கையில் இருந்தது. மூன்று பட்டியையும் கடைசி வரை இழுத்து ஒட்டியிருந்தாள். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். போனது. விரல்களை மடக்கி நீட்டினாள். அந்தக் கைக்கென்றே தைத்தது மாதிரி இருந்தது.

"அது என்னோட பட்டி புள்ள" என்றான். 

"கொழுந்துக் கறை தெரியாதுன்னு நாந்தான் கறுப்புக் கேட்டேன்" என்றாள். "போன மாசமே போட்டுப் பாத்து, எடுத்து வைக்கச் சொல்லிட்டு வந்தேன். புஹாரி நானா நல்ல மனுசன். நோவே இல்லாத மீசைக்கார ஆள் ஒண்ண அனுப்புறேன்னு சொன்னேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் பட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தேங்காய் துருவி அவன் முன்னால் வந்தது.

"அதான் பட்டி கெடைச்சிருச்சே புள்ள. இனி என்ன?"

"வேலைத்தலத்துக்குப் பட்டி, வீட்டுக்கு வந்தா முழு ஓய்வு. ஆறு கிழமைக்குப் பிசையக் கூடாது, பிழியக் கூடாது. துருவுனா நரம்பு அறுந்துருமாம். நீங்கதானே சொன்னீங்க. வைத்தியம்."

பொன்னையாவுக்கு ஆத்திரம் வந்தது. இது அநியாயம். பெரகலையில் ஒரு மனுசன் இதே பட்டியைப் போட்டுக்கொண்டு ரெண்டு மாதமாக ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா? ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய், சுபாஜினியின் அண்ணனை நேரில் பார்த்து, அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்டுவிட்டு வரப் போவதாகக் கத்தினான்.

கலாராணி தேங்காயை இரண்டாக உடைத்து, ஒரு மூடியை அவன் வலது கையில் வைத்தாள்.

"பதினோரு வருசமா பக்கத்து வீட்டுல இருக்கோம். சுபாஜினிக்கு அண்ணனே இல்லைங்க."