பிரியாணிக் கடையில் ஓர் அரசாங்க ஏப்பம்

எங்கள் ஊர் மலைக்கோட்டை மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் என் வயிறு தவில் மாதிரி உப்பிக் கிடக்கட்டும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேக் பரீதுக்கு ஒரு பிரியாணிக் கடை. அதை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. ஒரு மத்தியானம் சீரண மேம்பாட்டு அலுவலர் விக்னேஷ்குமார் ஆய்வுக்கு அங்கே எழுந்தருளினார். இரண்டு மட்டன் பிரியாணி, சுக்கா, குடல் குழம்பு ஆகியவற்றை முறைப்படி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் ஆய்வு செய்தார். பிறகு பெல்ட்டைத் தளர்த்தினார்.

“பாய், வயிறு உப்புது. அமிலம் கம்மியாயிருச்சு. உங்க பிரியாணிதான் காரணம். கடைக்கு சீல் வைக்கணும்.”

பரீது கரண்டியைக் கீழே வைத்தார். “சார், அம்புட்டையும் சாப்பிட்டா யாருக்குமே உப்பத்தானே செய்யும்?”

“அளவைப் பத்தி விதியில ஒண்ணுமில்ல. சோதனைதான் இருக்கு. சோடா உப்புத் தண்ணி குடிச்சு அஞ்சு நிமிஷத்துல ஏப்பம் வந்தா அமிலம் சரி, கடை பிழைக்கும். வரலேன்னா பூட்டு. நல்ல பூட்டா ஒண்ணு வாங்கி வைங்க, இந்த ஊருல கிடைக்காதா என்ன?”

குடித்தார். மூன்று நிமிஷமாகியும் ஏப்பம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று சீரண மாத்திரை போட்டார். சிக்னல் விழுந்தும் வண்டி நகரவில்லை.

பரீதின் மனைவி காதர் பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “செத்த நேரம் எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க, வந்துரும்.”

“ஆய்வு முடியாம நாற்காலிய விட்டு எந்திரிக்க விதியில இடமில்லம்மா.”

பீவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். “ஆத்தாடி, பெரிய ஆபீசரு ஜீப்பு வருது!”

விக்னேஷ்குமார் துள்ளி எழுந்தார். வந்தது பாருங்கள் ஓர் ஏப்பம்! பின்னால் நிற்கும் பஸ்ஸின் ஹாரன் என்று நினைத்து, செம்பட்டி பஸ் ஆளை ஏற்றாமலே ஓடிவிட்டது. கோட்டைப் புறாக்கள் சின்னாளப்பட்டியில் போய்த்தான் இறங்கின.

தெருவில் ஜீப்பைக் காணோம். ஆனால் வந்த ஏப்பத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லையே. “இக்கடையில் உண்போர்க்கு ஏப்பம் வரும் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பரீது அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அதுதான் வினை. இப்போது ஊரே அங்கே வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பம் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு மேசையும் காலியாவதில்லை. வாசலில் நிற்கிறவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். பீவி ஜீப் வருது என்று மறுபடி கத்திப் பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை, அவர்கள் அரசாங்க ஊழியர்கள் இல்லையே.

“சீலே வச்சிருக்கலாம்,” என்கிறார் பரீது, ஆறிப்போன அண்டாவைப் பார்த்து.

இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். நாலாவது மேசையில் வேட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தால் எழுப்பி விட்டுவிடுவார்கள். வயிறு கொஞ்சம் உப்பித்தான் இருக்கிறது. அதற்கும் அந்தச் சத்தியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.