நான் சாகாத விஷயமாக

அன்புத் தங்கை புஷ்பவல்லிக்கு, திருவொற்றியூரிலிருந்து உன் அண்ணன் டில்லிபாபு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி கெங்கம்மாவும் நலம். குறிப்பாக, நான் உயிரோடு நலம். புழலில் நீயும் மச்சானும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாலு நாளாக நீ என் போனை எடுக்காததால் இக்கடிதம்.

முதலில் என் நன்றி. இதய ஆபரேஷனுக்குப் பிறகு, படுத்தால் எழுந்திருப்பேனோ என்ற பயத்தில் நான் தூங்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் நீ அந்தப் படம் வரைகிற டேப்லெட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாய். நீ சொன்னபடி ரோஜா, மயில் எல்லாம் வரைந்தேன். பயம் போகவில்லை. ஒருநாள், ஆஸ்பத்திரியில் என் கால்மாட்டில் நிற்பதாகத் தோன்றிய உருவத்தையே வரைந்து, அதற்குக் கட்டம்போட்ட லுங்கியும் கட்டிவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் மூணு மணி நேரம் தூங்கினேன். அப்புறம் இன்னா, பேய், பொணம், மண்டை ஓடுதான். ஹார்பர்ல கிரேன் ஓட்டினப்ப பாத்த துருப்புடிச்ச கன்டெய்னர் கலரைப் பேய்க்குத் தோலாக் குடுத்தேன். காசிமேட்டுல மீன் விக்கிற ஃப்ளோரா கடையில குந்திகினு, செத்த கண்ணு எப்டி கீதுன்னு வஞ்சிரத்தையே உத்துப் பாத்தேன். வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியான்னு ஃப்ளோரா கேட்டுச்சு. உங்க அண்ணி மாடில தலைமுடி காயவச்சதையும் பேயா வரைஞ்சேன். ரெண்டு நாளு கொயம்புல டாக்டர் சொன்னதவிட உப்பு கம்மி.

போன ஞாயித்துக்கிழமை நானே பாடையில படுத்துகினு கீற மாதிரி, நெத்தில ஒத்த ரூபாயோட ஒண்ணு வரைஞ்சேன். உனக்கு மட்டும் அனுப்பப் போயி, கை தவறி சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டேன். கீழ 'முடிஞ்சிடுச்சு'ன்னு வேற எழுதினேன், படம் முடிஞ்சிடுச்சுன்ற அர்த்தத்துல. போனை சார்ஜுல போட்டுட்டுத் தூங்கிட்டேன். வாசல்ல மேளச் சத்தம் கேட்டு எயுந்து கதவத் தொறந்தா, மாலையோட பரசுராமன் அண்ணன். நம்ம பெரியப்பா மகன், என் பொண்ணு கல்யாணத்துக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்கலன்னு ஆறு வருசமா பேசாத மனுசன், வியாசர்பாடிலேர்ந்து மொத ஆளா வந்து நிக்கிறாரு. என்ன ஏற எறங்கப் பாத்தாரு. மாலைய என் கயுத்துலயே போட்டுக் கட்டிப் புடிச்சிகினு, "நீ கீறப்பவே பேசியிருக்கணும்னு வயியெல்லாம் அயுதுகினே வந்தேன்டா"ன்னாரு. ரேஷன் கடைக்குப் போயிருந்த உங்க அண்ணி, வாசல்ல அண்ணன் கையோட கூட்டியாந்த ஆளுங்க நட்ட பந்தலப் பாத்ததும் யாருன்னு கேக்காமயே குந்திகினு அயுதுச்சு. கண்ணத் தொடைச்சிகினு பாத்தா நான் நிக்கிறேன். முதுகுல ஒண்ணு வச்சிட்டு, இருபத்துமூணு பேருக்கு டீ போட்டுச்சு.

நீ மூலக்கடை வரைக்கும் அயுதுகினே வந்து, நான் உயிரோட கீறேன்னு தெரிஞ்சதும், இனி நெஜமாவே செத்தாலும் வரமாட்டேன்னு எறங்கித் திரும்பிட்டதா கேள்விப்பட்டேன். தப்பு என்னுதுதான், மன்னிச்சிடும்மா. ஆனா எனக்காக யாரு வருவாங்கன்னு கண்ணாலப் பாத்துட்டேன். அண்ணன் திரும்பக் கெடைச்சாரு. ரெண்டுமே நீ குடுத்ததுதான்.

இனி பொணம் வரையமாட்டேன் என்று கெங்கம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் டேப்லெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி நூறு வருடம் வாழ இந்த அண்ணனின் ஆசிகள்.

இப்படிக்கு,
டில்லிபாபு

பி.கு.: கெங்கம்மா வரும், டேப்லெட் வராது. பரசுராமன் அண்ணன் மூக்குல பஞ்சு வச்சிகினு எதிர்க்கட்டில்ல படுத்துனுகீறாரு. தனக்கு யாரு வராங்கன்னு அவரும் பாக்கணுமாம், மீசைய மட்டும் கருப்பா வரையச் சொல்றாரு. அடுத்த வெள்ளிக்கிழமை குரூப்புல படம் வரும். அயுவாத. ஆனா வந்துடு, நீ வருவியான்னுதான் மொதல்ல கேட்டாரு.