பெருமாள் போன வழியில் ஒரு வாடகைக் கார்

எனக்கு விழித்துக்கொண்டே கனவு காணும் வியாதி உண்டு. சாப்பிடும்போது, சாலையைக் கடக்கும்போது, அலுவலகத்தில் மேலாளர் திட்டும்போது (முக்கியமாக அப்போது) நான் வேறு எங்காவது இருப்பேன். இதனால் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இதை என் மாமனார் படிப்பார்.

கல்யாணமான முதல் பொங்கல். காணும் பொங்கலன்று மனைவி கலைச்செல்வியையும் அவள் அப்பாவையும் திருமுக்கூடலுக்குக் காரில் அழைத்துப் போவதாக அறிவித்துவிட்டேன். என்னிடம் கார் கிடையாது. ஓட்டுநர் உரிமம் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாமனாரோ முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டி, ஒரு கோழியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றவர். "நான் ஓட்டுகிறேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று சும்மா இருந்துவிட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் சலீம் பாய் என்பவர் வாடகைக்குக் கார் விடுகிறார். நாமே ஓட்டிப் போகலாம். ஈடாக நம்முடைய இரு சக்கர வண்டியை, அசல் ஆர்.சி. புத்தகத்தோடு அவர் கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். என் பைக் அந்த நேரம் பார்த்து மெக்கானிக் கடையில் பாகம் பாகமாகக் கிடந்தது. மாமனார் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

பேருந்தை விட்ட பிறகு ஓட்டுவதற்கு அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஸ்கூட்டர் ஒன்றுதான். விடிந்ததும் அதைத் துடைத்து, பேருந்து நிலையம் போய், பழைய சகாக்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். அதை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை என்று கலைச்செல்வி என் காதில் சொன்னாள்.

பாய் பதினோரு விதிகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, மூன்றாவதை விரலால் தட்டினார்.

"தம்பி, இத மட்டும் நல்லா படிச்சிக்கோ. வண்டி தார் ரோட்ட வுட்டு எறங்கக் கூடாது. வயலு, ஏரி, ஆறு, எதுவும் கூடாது. எறங்கிச்சின்னா இந்த ஸ்கூட்டர் ஒரு மாசம் இங்கியே நிக்கும். வண்டி எங்க போவுதுன்னு என் போன்லயே தெரியும்பா."

"நான் ஏன் பாய் எறக்கப் போறேன்?" என்று கையெழுத்துப் போட்டேன். நிஜமாகவே நம்பித்தான் போட்டேன்.

வாலாஜாபாத் தாண்டியதும் சாலை இரண்டு பக்கமும் பச்சையாகிவிட்டது. வெள்ளை நிறச் சின்னக் கார் அது. என் மனதுக்குள் மட்டும் எப்போதோ பெரிய ஜீப்பாக மாறிவிட்டிருந்தது. பின் இருக்கையில் மாமனார் நேராக உட்கார்ந்திருந்தார். எதிரே லாரி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

திருமுக்கூடலில் கோயில் பார்த்தோம், கல்வெட்டைப் பார்த்தோம். பிறகு கட்டுச்சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் நடந்துபோய் உட்கார்வதுதான் எல்லாரும் செய்வது. நான் கரையில் காரோடு நின்று ஆற்றைப் பார்த்தேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். தண்ணீர் தூரத்தில் ஓர் ஓரமாக மின்னிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல், மத்தியான வெயிலில் தூங்குகிற மணல்.

அதன் குறுக்கே ஒரு பாதை தெரிந்தது. முந்தைய நாள் மாட்டுப் பொங்கல். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளும் நாள். அத்தனை சனமும் மிதித்து மிதித்து மணல் கெட்டியாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

"மாப்ள, மணலு..." என்று ஆரம்பித்தார் மாமனார்.

"மாமா, நேத்து பெருமாளே இந்த வழியாத்தான் போயிருக்காரு. நமக்கென்ன?"

பெருமாள் தோளில் போனார், சக்கரத்தில் போகவில்லை. இது எனக்கு நாற்பது அடி போன பிறகுதான் உறைத்தது.

ஆனால் அந்த நாற்பது அடி! இன்றைக்கும் கண்ணை மூடினால் வருகிறது. தார்ச் சாலையின் இரைச்சல் அப்படியே நின்றுபோனது. கார் மிதப்பது போல இருந்தது. ஜன்னல் வழியே ஆற்றுக் காற்று வந்தது, தூரத்தில் கொக்குகள் எழுந்தன. மூன்று ஆறுகளும் எனக்காகவே விலகி வழிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கலைச்செல்விகூடச் சிரித்தாள். பிறகு கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, மணல் பறந்தது, கார் பெட்டைக்கோழி அடைகாக்கக் குந்துவது போல மெதுவாகக் கீழே குந்தியது.

போன் அடித்தது. சலீம் பாய்.

"தம்பி! வண்டி ஆத்து நடுவுல காட்டுதேப்பா! சுத்தி ஒரே நீலமா இருக்குது! எல்லாரும் உசுரோட இருக்கீங்களா? நீச்சல் தெரியுமா?"

"இல்ல பாய், ரோட்லதான் இருக்கோம். டீ குடிச்சிக்கினு இருக்கோம்."

"மூணு ஆறு கூடற எடத்துல எவன்பா டீக்கடை போட்டான்?"

போனை மாமனாரைப் பார்த்து நீட்டினேன் (வீரம்!). அவர் வாங்கி, "தண்ணி இல்ல பாய், மணலுதான். யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "நான் வரேண்ணே. ஆனா மூணாவது ரூல் ரூல்தான்" என்றது குரல்.

ஒரு மாதம். முப்பது விடியல், முப்பது டீ. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கல்யாணத்தில் அவர் என் கையைப் பிடித்து "பொண்ண பாத்துக்கோங்க" என்று சொன்னபோதுகூட நான் கனவில்தான் இருந்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்து இன்னும் உறுத்தியது.

"மொதல்ல சாப்புடலாம்" என்றார் அவர்.

கார் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து அவர் கையை மணலில் தேய்த்துக் கழுவினார், செருப்பைக் கழற்றினார், நான்கு டயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார். சக்கரத்துக்குப் பின்னால் மணலைத் தோண்டி, நாணலை ஒடித்துப் போட்டார். காரின் கால்மிதிகளையும் எடுத்துச் செருகினார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கார் முனகியது, அசைந்தது, தூக்கத்தில் நடப்பது போலப் பின்னாலேயே கரை வரைக்கும் வந்துவிட்டது. ஒருமுறைகூடச் சக்கரம் வீணாகச் சுற்றவில்லை.

அதே நேரம் கரை மேல் ஒரு ஸ்கூட்டர் வந்தது. மாமனாருடைய ஸ்கூட்டர். காணும் பொங்கலுக்குக் கார்கள் எல்லாம் வாடகைக்குப் போய்விட, கடையில் மிச்சமிருந்த ஒரே வண்டியில் சலீம் பாய் கிளம்பி வந்திருக்கிறார். எங்களைப் பார்த்த பதற்றத்தில் வண்டியைக் கரையிலிருந்து வேகமாக இறக்கி, நேராக மணலுக்குள் பாய்ந்து, ஸ்கூட்டரோடு சாய்ந்தார்.

மாமனார் காரை விட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கினார். "அடி பட்டுச்சா பாய்?"

"இல்லண்ணே." பாய் தாடியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார். "ஆனா பாருங்க, வண்டி மண்ணுல எறங்கிச்சி. கையெழுத்துப் போட்டவருதான் ஓட்டணும், அது அஞ்சாவது ரூலு, நீங்க ஓட்டினு வரீங்க. ரெண்டு மாசம் ஆவுதேண்ணே."

"ரூல் ரூல்தான் பாய். ஒத்துக்கறேன்." மாமனார் கீழே கிடந்த தன் ஸ்கூட்டரைக் காட்டினார். "என் வண்டி எதுல படுத்துக்கினு இருக்குது?"

பாய் பார்த்தார். "...மணல்ல."

"ஈடு வெச்ச வண்டிய நீங்க ஓட்டலாம்னு எத்தினியாவது ரூல்ல போட்டிருக்குது?"

பாய் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நிஜமாகவே பதினொன்றையும் முதலிலிருந்து, உதடு அசைய, படித்துப் பார்த்தார். காற்றில் தாள் படபடத்தது. கடைசியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை மாமனார் கையில் வைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் மறுபடி எழுந்து பறந்தன. நான்தான் அழுதுவிட்டேன். (மணல் விழுந்தது என்று கலைச்செல்வியிடம் சொல்லியிருக்கிறேன்.)

மிச்சமிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பாய், "அண்ணே, வூட்ல சும்மாதான இருக்கீங்க? கடைக்கு வந்துடுங்களேன்" என்றார். அடுத்த வாரமே மாமனார் கடையில் சேர்ந்துவிட்டார். கார் எடுக்க வருகிறவர்களை ஒரு சுற்று ஓட்டவிட்டுப் பார்த்து, திருப்தியானால்தான் சாவி கொடுப்பார். அதுதான் வேலை.

விதிகள் இப்போது பன்னிரண்டு. பன்னிரண்டாவது, 'பெருமாள் போன வழியில் கார் போகக் கூடாது'. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்காமல் இருப்பதில்லை. மாமனார் அதற்காகவே காத்திருப்பவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். ஆறு வருடத்தில் நாற்பது அடி நானூறு அடியாகிவிட்டது. காஞ்சிபுரத்தில் கார் ஓட்டத் தெரிந்த பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

போன மாதம் நானே ஒரு கார் எடுக்கப் போனேன். மாமனார் என்னை உட்காரச் சொன்னார். தாளை நீட்டினார். பன்னிரண்டாவதை விரலால் தட்டி, "இது ஏன்னு கேளுங்க மாப்ள" என்றார். கேட்டேன். முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.